ஆறு சோடி ஜிக்கு

ஜிக்கு செய்ய ஐந்து நிமிடம் போதும். இரண்டு யோகட் கோப்பை, கொஞ்சம் அரிசி, ஒரு டேப். ஒரு கோப்பையில் அரிசியைப் போட்டு, மற்றதை அதன் வாயோடு வாய் வைத்துச் சுற்றி ஒட்டினால் ஆயிற்று. குலுக்கினால் ஜிக்கு ஜிக்கு என்று சத்தம் வரும் என்பதால் எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த அந்த முன்பள்ளியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். எத்தனை ஜிக்கு செய்திருப்பேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

போன மாதம், இப்போது என் வகுப்பை எடுக்கும் டீச்சர் போன் பண்ணினார்.

“டீச்சர், எங்களுக்கு கடையில வாங்குன மியூசிக் பெட்டி ஒண்ணு வந்திருக்கு. பாட்டுக்கு ஸ்பீக்கரும் இருக்கு. ஆனா பயிற்சி வகுப்புல, வீட்டுச் சாமான்ல செஞ்சு காட்டுங்கன்னு சொல்றாங்க. நீங்க ஜிக்கு செய்றத ஒரு வீடியோ எடுத்து அனுப்புறீங்களா?”

ஓய்வு பெற்றவளிடம் யாராவது வேலை கேட்டால் விடுவாளா? சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். அரிசியை அளக்கும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. வீடியோவை நிறுத்தினேன். அளவைப் பற்றிச் சொல்வதென்றால் ஸஃபியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஐந்து நிமிடத்தில் அடங்காது. ஆகவே எழுதுகிறேன்.

நான் டீச்சரானது பெரிய கதையில்லை. அப்பா தோட்டத்து ஒபிசில் கிளார்க். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கண்டியில் ஒரு வருடம் முன்பள்ளிப் பயிற்சி. கோயில் பாடகர் குழுவில் இருந்ததால் குரல் சுமாராக இருந்தது. “பாட்டு வருமா?” என்று கேட்டார்கள். வரும் என்றேன். வேலை கிடைத்தது. மற்றதையெல்லாம் கமலா மிஸ்ஸிடம்தான் படித்தேன்.

கமலா மிஸ் எங்கள் தலைமை டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் கல்யாணம் கட்டி, ஒரு சொல்லைக்கூடக் கண்டிக்காக மாற்றிக்கொள்ளாதவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போதுதான் எங்களுக்குப் பயம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு வாத்தியம் செய்வதை அவர் விளையாட்டாக எடுக்கவில்லை. பால்மா டின்னில் பலூன் தோலை இழுத்துக் கட்டி மேளம், இரண்டு சிரட்டையைத் தேய்த்துத் தாளம், கம்பியில் சோடா மூடி கோத்துச் சலங்கை. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. ஜிக்குவுக்கு இருந்ததுதான் மிகக் கடுமையான முறை.

கோப்பைகளைச் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டு நாள் மதிலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். உள்ளே போடும் அரிசியையும் பயற்றையும் வெறும் சட்டியில் இலேசாக வறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டு பிடிக்கும். ஆறு வகை: அரிசி, பயறு, மணல், மஞ்சாடி விதை, பொத்தான், சின்னக் கல். ஒவ்வொன்றிலும் ஒரு சோடி. அளவு மேசைக்கரண்டியால். அரிசி இரண்டு கரண்டி, பயறு ஒன்றரை, மணல் மூன்று. எல்லாவற்றையும் ஒரே அளவாகப் போட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“அளவு கரண்டிக்கில்லை பிள்ளை, காதுக்கு” என்றார். “ஆறும் ஒரே உரமா, ஒரே பலமாக் கேக்க வேணும். இல்லையெண்டால் பிள்ளை சத்தத்தைப் பாக்காது, பெரிசா சின்னதா எண்டுதான் பாக்கும்.”

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குலுக்கிக் கேட்பார். திருப்தி இல்லையென்றால் நாலு அரிசி மணியை வெளியே எடுப்பார், இரண்டை உள்ளே போடுவார். பிறகு டேப் மூன்று சுற்று. பிறகு வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் பிடித்து நூறு தரம் குலுக்க வேண்டும். ஒரு மணி விழுந்தாலும் அவிழ்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும். “பயறு ஒரு பிள்ளையின்ர மூக்குக்குள்ள போனால் நீயோ ஆஸ்பத்திரிக்கு ஓடுறது?” என்பார். கடைசியாக, பன்னிரண்டுக்கும் ஒரே நீலத் துணியில் உறை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது அல்லவா?

அவர் விளையாட்டையும் ஒரே மாதிரித்தான் நடத்தினார். இரண்டு கதவுக்கிடையில் பழைய பெட்சீற் ஒன்றைக் கட்டி, அதன் பின்னால் இருந்துகொண்டு ஒரு ஜிக்குவைக் குலுக்குவார். உள்ளே இருப்பது என்ன என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். ஒருவரும் தொடக் கூடாது.

கமலா மிஸ் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாடு போனதும் நான் செய்த முதல் வேலை அந்தப் பெட்சீற்றை அவிழ்த்ததுதான். பிள்ளை கையால் தொட்டுத்தான் படிக்க வேண்டும் என்று ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்திருந்தேன். பன்னிரண்டு ஜிக்குவையும் பாயில் கலந்து போட்டேன். பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கி, ஒரே சத்தம் வருகிற இரண்டைச் சோடி சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பார்க்க வந்த அதிகாரிகள் படம் பிடித்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

ஸஃபியா எங்களிடம் வந்தபோது மூன்றரை வயது. அலவத்துகொடயில் வீடு. வாப்பா கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்தார். உம்மா ரிஸ்மியா காலையில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து, பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வந்து கூட்டிப் போவார். பிள்ளை சுறுசுறுப்பு, சிரிப்பு, எல்லாவற்றிலும் முதலாவதாக ஓடி வரும். பேச்சு மட்டும் குறைவு.

முதல் நாள் பெயர் கேட்டேன். மார்பில் கையை வைத்துக்கொண்டு “ஐயா!” என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் எங்களுக்கு ஐயாதான். “ஐயா வந்துட்டாரு, கதிரையப் போடுங்க” என்பேன். அவளும் ஐயா மாதிரியே நிமிர்ந்து உட்காருவாள். அவளுடைய வீட்டிலும் அதே பெயர்தானாம்.

பாட்டென்றால் உயிர். பாலத்தைப் பற்றி நானே கட்டிய ஒரு பாட்டு எங்கள் வகுப்பில் இருந்தது:

பாலம் மேலே பஸ் போகுது
பாம் பாம் பாம்
பாலம் கீழே ஆறு போகுது
சல சல சல

ராகம் அவளிடம் ஒரு முடி பிசகாது. ‘பாம் பாம் பாம்’ பஸ் ஹோர்ன் போலக் கணீரென்று வரும். ‘சல சல சல’ மட்டும் ‘அல அல அல’ என்று வரும். மழலை என்று நினைத்தேன். ராகம் வந்த பிள்ளைக்குச் சொல் வராமலா போகும்?

ஜிக்கு விளையாட்டில் அவளை அடிக்க ஆளில்லை. மற்றப் பிள்ளைகள் குலுக்கிக் குலுக்கி யோசித்து, மூன்று சோடி சேர்ப்பதற்குள் சண்டை பிடிப்பார்கள். அவள் ஆறையும் மளமளவென்று சேர்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

வந்து சில மாதத்தில் ரிஸ்மியா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், இவக்கி காது நல்லாக் கேக்குதா? எனக்கு ஒரு மாதிரி ஈக்கி.” அவர்கள் பேச்சில் இருக்கு என்பது ஈக்கி, சொல்லு என்பது செல்லு.

நான் சிரித்தேன். பாயை விரித்து, பன்னிரண்டையும் கொட்டி, ஐயாவைக் கூப்பிட்டேன். உம்மாவின் கண்முன்னே ஆறு சோடியும் சேர்ந்தன.

“பாத்தீங்களா? இந்த வகுப்புலயே இவ காது மாதிரி யாருக்கும் இல்லைங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன்.

அடுத்த தவணையில் இன்னொரு தரம் கேட்டார். குசினியிலிருந்து கூப்பிட்டால் வருகிறாள் இல்லை, முன்னால் போய் நின்றால்தான் திரும்புகிறாள் என்றார்.

“கார்ட்டூன் பாக்குற நேரம் எந்தப் பிள்ளைங்க வரும்?” என்றேன். “உங்க வீட்டுல தமிழ், வேலைக்கு வர்ற அக்காவோட சிங்களம், போன்ல இங்கிலீசு. மூணு பாஷை வீடு. அப்படிப் பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாத்தான் பேசும். எங்க ஊர்ல பாதிப் பிள்ளைங்க அப்படித்தான்.”

இது நான் அவருக்காகக் கண்டுபிடித்த சமாதானம் இல்லை. கண்டியில் பிள்ளை பேசப் பிந்தினால் டீச்சரும் சொல்வது, பக்கத்து வீட்டாரும் சொல்வது அதுதான். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அதுதான் அதிலுள்ள ஆபத்து. அன்று மத்தியானம் வகுப்புக் கொப்பியில் ஸஃபியாவின் பக்கத்தில் எழுதினேன்: ‘மூன்று மொழி வீடு. பேச்சுத் தாமதம் இயல்பு. கவலைப்பட ஒன்றுமில்லை.’ எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஜிக்குவுக்குள் வண்டு வந்தது. கமலா மிஸ் போன பிறகு நான் அரிசியை வறுப்பதை விட்டிருந்தேன். வறுக்காத சோம்பலுக்குக் கூலி! எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டினேன். அடுத்த நாள் வகுப்புக்கு வேண்டும் என்ற அவசரம். கரண்டியைத் தேடாமல் கையாலேயே அள்ளிப் போட்டு ஒட்டினேன். சத்தம் வந்தால் போதும்தானே? ஒரு அரிசி ஜிக்கு பாதி நிறைந்திருந்தது, அதன் சோடியில் கொஞ்சம்தான். மணலும் அப்படித்தான்.

மறுநாள் மற்றப் பிள்ளைகள் வழக்கம் போலச் சண்டை பிடித்து, வழக்கம் போல மூன்று சோடி சேர்த்தார்கள். ஸஃபியா அரிசியை மணலோடு வைத்தாள். பயற்றைப் பொத்தானோடு வைத்தாள். ஆறும் பிழை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த நாளும் ஆறும் பிழை.

மூன்றாம் நாள் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து கையை மட்டும் பார்த்தேன். ஒன்றை எடுத்தாள். மற்றவர்களைப் பார்த்து, அவர்களைப் போலவே இரண்டு தரம் குலுக்கினாள். பிறகு அதை ஒரு உள்ளங்கையில் வைத்து, இன்னொன்றை மற்ற உள்ளங்கையில் வைத்து, இரண்டையும் இலேசாக மேலும் கீழும் அசைத்தாள். சந்தையில் மரக்கறி வாங்குகிற பெண் இரண்டு முட்டைக்கோவாவைத் தூக்கிப் பார்ப்பது போல.

அவள் ஒருநாளும் கேட்கவில்லை. எடை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் படம் கீறச் சொல்லிவிட்டு, அலுமாரிக்குள் கிடந்த பெட்சீற்றை எடுத்துக் கதவில் கட்டினேன். பின்னால் நின்று அரிசி ஜிக்குவைக் குலுக்கினேன். நாலைந்து தலை திரும்பியது. பெட்சீற்றின் ஓட்டையால் பார்த்தேன், ஸஃபியா கீறிக்கொண்டிருந்தாள். மணல், மஞ்சாடி, பயறு. கீறிக்கொண்டிருந்தாள். பால்மா டின் மேளத்தைத் தட்டினேன். உடனே நிமிர்ந்து சிரித்தாள். மேளம் கேட்கிறது, ஹோர்ன் கேட்கிறது, கதவு அடித்தால் கேட்கிறது. அதனால்தானே ஒருவருக்கும் தெரியவில்லை? எல்லோரையும் பார்த்துப் பார்த்து, நாலரை வயதுக்குள் ஒரு பெரிய கெட்டிக்காரியாகியிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ரிஸ்மியா வந்தபோது பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் அவரை இருத்தி, எதிரே நானும் உட்கார்ந்தேன். நான் செய்ததையும் சொன்னதையும் எழுதியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

“நான் ஒங்கள்ட்ட ரெண்டு தரம் கேட்டேன் தானே, டீச்சர்” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர், திரும்பிப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வரோணும்” என்றார்.

போனேன். கண்ணாடி அறைக்குள் பிள்ளையை இருத்தி, காதில் கருவி மாட்டி, நெடுநேரம் பார்த்தார்கள். டொக்டர் ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினார். கனத்த சத்தங்கள் அவளுக்குக் கேட்கும். மெல்லிய, கூரான சத்தங்கள் கேட்காது. ச, ஸ, ஃப் மாதிரி எழுத்துகள் அவளுக்கு இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கன்னோருவைக்கு முன்னமோ பின்னமோ தெரியாது, அது எனக்கு உறைத்தது. ஸஃபியா. ஸ் சத்தத்தை எடுங்கள். ஃப் சத்தத்தை எடுங்கள். மிஞ்சுவது என்ன? அ-இ-யா. நாங்கள் கூப்பிட்ட பெயர் அவளுக்குப் போய்ச் சேர்ந்த விதத்திலேயே அவள் எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேலாகக் கதிரை போட்டுச் சிரித்திருக்கிறோம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் காதுக்கு மிஷின் கிடைத்தது. படத்தில் காட்டுவது போல எதுவும் நடக்கவில்லை. முதல் நாளே கழற்றிப் பூஞ்செடிக்குள் எறிந்தாள். வகுப்பின் இரைச்சல் தாங்காமல் மேசைக்குக் கீழே போய் இருந்தாள். ஜிக்கு குலுக்கினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். பாட்டை அடியோடு நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் மிகவும் வலித்தது. ரிஸ்மியா என்னோடு பேசுவது “ம்” என்ற ஒரு எழுத்தோடு நின்றது.

ஜிக்கு எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப் போனேன். அங்கே பழைய வருடங்களின் கொப்பிகள் அடுக்கியிருந்தன. எடுத்துப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று கேட்டால், பயந்துதான். ‘மூன்று மொழி வீடு. பேச்சுத் தாமதம் இயல்பு. கவலைப்பட ஒன்றுமில்லை.’ அதே முத்து முத்தான எழுத்து, இன்னும் மூன்று பிள்ளைகளின் பக்கத்தில். மூன்று பேரும் எங்களை விட்டுப் போய் நாலைந்து வருடம்.

அதில் ஒரு வீடு அலவத்துகொடயில். வழி கேட்க ரிஸ்மியாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார்.

“நீங்க தனியப் போகாதீங்க. டீச்சர் வந்தீக்கிறாங்கண்டு தேத்தண்ணி தந்து, ஒண்டும் இல்லண்டு செல்லி அனுப்புவாங்க. நீங்களும் அத நம்பிக்கொண்டு வருவீங்க. நானும் வாரேன்.”

அடுத்த சனிக்கிழமை ஸஃபியாவை அவளுடைய சின்னம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார். முதலில் குண்டசாலை. அந்தப் பெண்பிள்ளைக்குப் பத்து வயது. கதவைத் திறந்ததில் இருந்து வாயை மூடவில்லை. பள்ளிக்கூடம், பூனை, தம்பியின் களவு, எல்லாம் சொன்னது. முன்வாசலில் நின்று கேட்டதற்கு அறைக்குள்ளிருந்து பதில் சொன்னது. நாங்கள் விடைபெறவே அரை மணித்தியாலம் போயிற்று.

இரண்டாவது, அலவத்துகொட. ஒன்பது வயது ஆண்பிள்ளை. முன் அறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுடைய உம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

“டீச்சர் பாத்த புள்ள தானே, ஒரு பிரச்சினையும் இல்ல” என்றார். “கேக்குறதுதான் இல்ல. பத்துத் தரம் செல்லோணும்.”

நான் தலையாட்டிக்கொண்டு கோப்பையைக் கையில் எடுத்துவிட்டேன். ரிஸ்மியா எடுக்கவில்லை.

“செல்றதக் கேக்குறானில்லயா, செல்றது கேக்குறதேயில்லயா?” என்று கேட்டார்.

அந்த உம்மாவின் முகம் மாறியது. அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதை அவர் யோசித்திருக்கவில்லை. நானும்தான் ஒரு காலத்தில் யோசிக்கவில்லை. ரிஸ்மியா எழும்பிப் போனார். பிள்ளைக்கு நாலடி பின்னால் நின்றார். டொக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரியே, குரலே இல்லாமல், மூச்சால் மட்டும் சொன்னார்.

“சொக்லட்.”

பையன் சட்டென்று திரும்பினான். “எங்க?”

அவனுடைய உம்மா சிரித்தார், நான் சிரித்தேன். ரிஸ்மியாவும் சிரித்தார். அவன் தலையைத் தடவி, கைப்பையில் மகளுக்கு வைத்திருந்த டொபியை எடுத்துக் கொடுத்தார். தேத்தண்ணியையும் குடித்தார். பஸ் நிற்கும் ஹோல்ட் வரைக்கும் நடந்து வந்தார். அங்கே உட்கார்ந்ததும் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அந்த ஒன்றரை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொடலாமா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தேன்.

“அவன் திரும்பினது எனக்கு சந்தோஷம் டீச்சர்” என்றார். “அல்லாஹ் அறிய சந்தோஷம். ஆனா எவ்வளவு லேசாத் திரும்புறான் பாத்தீங்களா?”

“பாத்தேங்க.”

“ஒங்க மேல எனக்கு இன்னும் கோவம் ஈக்கி.”

“இருக்கட்டுங்க” என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாக இருந்திருக்கும்.

மாத்தளைப் பக்கமிருந்து பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மடியில் இருந்த கொப்பியை எடுத்து, மூன்றாவது பிள்ளையின் பக்கத்தைத் தானே புரட்டி, முகவரியில் விரலை வைத்தார்.

“எழும்புங்க டீச்சர். இது இருட்டுறதுக்கு முந்திப் போய்ச் சேரலாம்.”